படகில் நின்று தூண்டில் போட எந்தக் காலணி ஏற்றது? மூன்று மணி நேரத்தில் பாதம் பிடித்துக்கொள்கிறது

ஆம்பூர்த் தூண்டில்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைக்கும் பிரிவில் பணிபுரிகிறேன். நாள் முழுவதும் ஷூக்களுக்கு நடுவே இருப்பவன் காலணியைப் பற்றிச் சந்தேகம் கேட்பது நகைப்புக்குரியதுதான்; ஆனால் நாங்கள் தைப்பவை அலுவலகத்துக்குப் போட்டுச் செல்லும் தோல் ஷூக்கள், படகுக்கு அவை உதவா.

மாதம் ஒருமுறை நண்பர்களும் நானும் பழவேற்காட்டுக்குச் சென்று, தெரிந்த மீனவர் ஒருவரின் ஃபைபர் படகில் விடியற்காலை முதல் நண்பகல் வரை கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிறோம். முதலில் ஹவாய் செருப்பு அணிந்தேன். மீனின் வழுவழுப்பில் சறுக்கி முழங்காலை இடித்துக்கொண்டேன். அடுத்து ஸ்போர்ட்ஸ் ஷூ. நனைந்தது இரண்டு நாள் காயவில்லை, விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தது. கம்பூட்டில் வெப்பம் தாங்கவில்லை. கடைசியாக, கடைக்காரர் பேச்சை நம்பி, தடித்த மெத்தென்ற ஃபோம் செருப்பு ஒன்றை வாங்கினேன். அதில்தான் வலி எல்லாவற்றையும் விட அதிகம். இதைவிட மென்மையான இன்சோல் ஏதேனும் உண்டா? 1,500 ரூபாய் வரை செலவழிக்கலாம்.

எங்களுடன் வரும் என் மாமாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. அவர் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்புடனேயே படகில் ஏறுகிறார். அது சரியா என்பதையும் தெரிவியுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்:

இன்சோலுக்குப் போகுமுன் ஒன்று கேட்கிறேன். வலி குதிகாலிலா, விரல்களுக்குக் கீழா? அந்த ஃபோம் செருப்புக்குப் பின்வார் உண்டா? படகின் தளம் சொரசொரப்பாக இருக்கிறதா, மழமழப்பாக இருக்கிறதா?

ஆம்பூர்த் தூண்டில்காரன்:

விரல்களுக்குக் கீழேயும் உள்ளங்கால் வளைவிலும் வலிக்கிறது. மாலையில் கெண்டைக்காலும் இழுத்துப் பிடிக்கிறது. குதிகாலில் வலி இல்லை. பின்வார் இல்லை. தளம் மழமழப்பானது, எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்.

வாணியம்பாடி சோல் பிரிவு:

தம்பி, விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. உங்கள் பாதம் வலிப்பது மென்மை போதாமல் அன்று. பின்வார் இல்லாத செருப்பு நழுவிவிடாமல் இருக்க, ஆடும் படகில் மணிக்கணக்காக விரல்களை மடக்கி அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்த வேலையைக் கெண்டைக்கால் தசையும் சேர்ந்து செய்கிறது. தடித்த ஃபோம் உங்களைத் தளத்திலிருந்து உயர்த்திவிடுவதோடு ஒவ்வோர் அசைவுக்கும் அமுங்கி எழுவதால், சமநிலை காக்கும் உழைப்பு இரட்டிப்பாகிறது. வழுக்காத, பாதத்தோடு ஒட்டி நிற்கிற காலணியை அணிந்தால் விரல்கள் தாமாகவே தளரும்.

சோலைப் பொறுத்தவரை, ஈ.வி.ஏ. என்னும் ஃபோம் வகை இலேசானது, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். ஆனால் அடிப்பகுதி தேய்ந்த பிறகு ஈரத்தில் பிடிக்காது. மலிவான பி.வி.சி. சோல் ஈரத் தளத்தில் மிகவும் வழுக்கும். பி.யூ. (பாலியூரித்தேன்) சோல்களில் பல வகைகள் ஈரத்தாலும் புழுக்கத்தாலும் உதிர்ந்துபோகும். பெட்டியில் சும்மா இருந்த ஷூ ஒருநாள் தூளாகக் கொட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்கும் மிருதுவான ரப்பர் சோலே இதற்கு உகந்தது.

அதிலும் ஆழமான கட்டைகள் கொண்ட மலையேற்றச் சோல் வேண்டாம். அது சேற்றுக்கு உரியது. மழமழப்பான தளத்தில் தொடும் பரப்பு குறைந்துவிடும், இடுக்கில் தூண்டில் முள்ளும் சிக்கும். 1935இல் அமெரிக்காவில் பால் ஸ்பெர்ரி என்பவர், பனிக்கட்டியின் மேல் தம் நாய் வழுக்காமல் ஓடுவதைக் கண்டு, அதன் பாதத்தில் இருந்த கீறல்களைப் போலவே ரப்பர் சோலில் மெல்லிய வெட்டுகளைப் போட்டுப் படகுக் காலணியை உருவாக்கினார். பாதம் ஊன்றும்போது அந்த வெட்டுகள் விரிந்து, சோலுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள தண்ணீர்ப் படலத்தை வெளியேற்றுகின்றன. கடையில் சோலை வளைத்துப் பாருங்கள். மெல்லிய வெட்டுகள் வாய் திறந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்புறம் மூடியதாகவும், பக்கவாட்டில் நீர் வடியத் துளைகள் உள்ளதாகவும், பின்வாரை இறுக்கும் வசதி உள்ளதாகவும் இருக்கட்டும். பக்கிள் இரும்பானால் உப்புக்காற்றில் துருவேறிவிடும், பிளாஸ்டிக்கே மேல். மாலையில் போய் வாங்குங்கள். அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். வாங்கியதும் வீட்டு டைல்ஸில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, சுவரைப் பிடித்தபடி ஊன்றிப் பார்த்துவிடுங்கள்.

குடியாத்தம் பரிசல்:

இவ்வளவும் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. சாத்தனூர் அணையில் பரிசலில் போய் வலை வீசுபவர்கள் வெறுங்காலோடுதானே இருக்கிறார்கள்? கரையில் சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறுவதால் அங்கேதான் நல்ல செருப்பு தேவை.

வாணியம்பாடி சோல் பிரிவு:

முள்ளைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, ஐயா. ஆனால் பரிசலில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிறார்கள். இவர்கள் ஆறு மணி நேரம் நிற்கிறார்கள். கெளுத்தியின் பக்கமுள் ஒருமுறை விரலில் ஏறினால் வெறுங்காலின் சுகம் மறந்துபோகும்.

வேலூர்ப் பாதப் பராமரிப்பு:

மாமாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவந்த காலத்தில், உணர்ச்சியற்ற பாதங்களுக்காக இங்கும் அருகில் கரிகிரியில் உள்ள தொழுநோய் மருத்துவமனையிலும் பழக்கத்துக்கு வந்ததே எம்.சி.ஆர். செருப்பு. அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பித் தருவது அதன் வேலை. ஆகவே நடமாட்டத்துக்கு அது மிக நல்லது. படகில் அது போதாது. விரல்கள் வெளியே தெரிவதால் தூண்டில் முள் குத்தினாலும், வெயிலில் காய்ந்த ஃபைபர் சுட்டாலும் அவருக்குத் தெரியாமலே போகலாம். முன்புறம் மூடிய, உட்புறத் தையல் உறுத்தாத காலணியைத் தம் மருத்துவரிடம் காட்டிய பிறகு அணியட்டும். கரை ஏறியதும் பாதத்தின் அடிப்பக்கத்தையும் விரலிடுக்குகளையும் நீங்களே பார்த்துவிடுங்கள்; அவர் வலியில்லை என்று சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இருவருமே ஈரத்தைத் துடைத்துவிட்டு வண்டியில் ஏறினால் சேற்றுப்புண்ணும் குறையும்.

ஆம்பூர்த் தூண்டில்காரன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். துளையுள்ள, பின்வார் வைத்த ரப்பர் சோல் காலணி 1,150 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு மணி நேரமும் விரல் மடங்கவில்லை. கெண்டைக்கால் இழுப்பும் இல்லை. நான் நிற்கும் இடத்தில் நனைத்த கோணிப்பை ஒன்றைப் படகுக்காரர் விரித்துக் கொடுத்தார், அதுவும் கைகொடுத்தது. கொடுவா ஒன்றுகூடச் சிக்கவில்லை என்பது வேறு கதை. மாமா மருத்துவரிடம் காட்டும் வரை கரையிலேயே இருந்துகொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஒரு சிறு சிக்கல் மட்டும் உள்ளது: பக்கத் துளை வழியாக மணல் உள்ளே புகுந்து குதிகால் ஓரத்தை உரசுகிறது. மெல்லிய நைலான் சாக்ஸ் போடலாமா?

வாணியம்பாடி சோல் பிரிவு:

போடலாம், தம்பி. பருத்தி மட்டும் வேண்டாம். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீடு திரும்பியதும் காலணியை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் கவிழ்த்து வையுங்கள், காரின் டிக்கியில் விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டுப்பசை விட்டுவிடும்.