தட்டில் ஐந்து நிறம், அம்மாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை: பச்சை ஜூஸ் கொடுக்கலாமா?

மேசைநாற்காலி (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை முழுக்க உட்கார்ந்த இடத்தில்தான். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஹீமோகுளோபின் லேசாக இறங்கியிருக்கிறது. "இப்போதைக்கு மருந்து வேண்டாம், சாப்பாட்டைச் சரி பண்ணுங்கள்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். எதைச் சரி பண்ணுவது என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்தாயிற்று.

தேடிப் படித்ததில் "தட்டில் ஐந்து நிறம் இருக்கட்டும்" என்கிற யோசனை பிடித்துப்போனது. கலோரி கணக்கு வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும். அதனால் தினமும் காலையில் பசலைக்கீரை (பாலக்), பீட்ரூட், கேரட் மூன்றையும் பச்சையாக அரைத்து, வடிகட்டி ஒரு பெரிய டம்ளர் குடிக்கிறேன். மதியம் ஊதா முட்டைக்கோஸ். அதை வேகவைத்தால் துணி அலசின நீலத் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது, சத்தெல்லாம் போய்விட்டது என்று தோன்றுகிறது. வேகவைத்தாலே எல்லாம் வீண்தானா?

நேற்று சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனது. பீட்ரூட்தான் என்று மனசு சொல்கிறது, ஆனாலும் உதைக்கிறது.

இன்னொன்று. அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி வார்ஃபரின் மாத்திரை ஓடுகிறது. நான் குடிக்கிறதைப் பார்த்து அவரும் கேட்கிறார். கூடவே மூட்டுவலிக்கு மஞ்சள் கேப்சூல் நல்லது என்று யாரோ சொல்லி, ஒரு டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. இயற்கைதானே, கொடுக்கலாமா?

நேர்ப்பேச்சு

நிறம், வானவில் எல்லாம் வியாபாரம் தம்பி. வெங்காயமும் பூண்டும் வெள்ளை. அப்போ அதில் சத்து இல்லையா? பசித்தால் சாப்பிடுங்கள், நடங்கள், தூங்குங்கள். தீர்ந்தது.

மருந்துச்சீட்டு

மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவள் நான். கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு அந்த ஜூஸை இன்றைக்குக் கொடுக்காதீர்கள். மஞ்சள் கேப்சூலைக் கொடுக்கவே வேண்டாம்.

நம் கல்லீரல் ரத்தம் உறைவதற்கான சில புரதங்களைத் தயாரிக்க வைட்டமின் கே தேவை. வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத்தான் தடுத்துவைக்கிறது. அம்மா வழக்கமாகச் சாப்பிடும் அளவை வைத்துத்தான் அவருடைய டோஸ் நிர்ணயமாகியிருக்கும். 100 கிராம் பசலைக்கீரையில் ஏறக்குறைய 480 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குப் போதுமென்று சொல்லப்படுவது 90. திடீரென்று தினமும் ஒரு டம்ளர் இறங்கினால் மாத்திரை தோற்றுப்போகும், ஐ.என்.ஆர். (ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) இறங்கும். செயற்கை வால்வு உள்ளவருக்கு அதன்மேல் ரத்தக்கட்டி படிந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ கீரையே தொடக்கூடாது" என்று சிலர் மறுபக்கம் ஓடுவார்கள். அதுவும் தப்பு. வழக்கமாகக் கீரை சாப்பிடுகிறவர் சட்டென்று நிறுத்தினால் ஐ.என்.ஆர். ஏறி ரத்தக்கசிவு வரலாம். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய அதே அளவு, அவ்வளவுதான் விதி. அளவைக் கூட்ட ஆசைப்பட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சமாகக் கூட்டி, ஐ.என்.ஆரைப் பார்த்துக்கொண்டே கூட்டலாம். (அபிக்ஸாபான் மாதிரி புது மாத்திரைகளுக்கு இந்தக் கீரைக் கணக்கு பொருந்தாது. யாராவது இதைப் படித்துவிட்டு வீணாகப் பயப்பட வேண்டாம்.)

மஞ்சள் கேப்சூலுக்கு வருகிறேன். மஞ்சளின் முக்கியச் சரக்கான குர்குமின், தூளில் சுமார் 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்று வைத்தால் 90 மில்லிகிராம் தேறும். 95 சதவீதம் குர்குமின் என்று அச்சிட்ட 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்று, ஐந்து டீஸ்பூன் மஞ்சளுக்குச் சமம். சமையலில் யாரும் அப்படிக் கொட்டுவதில்லை. இதோடு பல கேப்சூல்களில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினும் சேர்த்திருப்பார்கள். குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் ஒட்டாமல் வெளியேறிவிடும்; பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்கு கூடுகிறது என்று 1998-இல் வந்த ஆய்வு காட்டியது. கூடுவது குர்குமின் மட்டும் என்றால் பரவாயில்லை, வேறு சில மருந்துகளும் அதே கதவு வழியாக அதிகமாக உள்ளே வரும். வார்ஃபரினோடு மஞ்சள் கேப்சூல் எடுத்து ஐ.என்.ஆர். எகிறியதும், மருந்தே சாப்பிடாத ஆட்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

"இயற்கைதானே" என்கிற வார்த்தையைக் கவுன்ட்டரில் கேட்கும்போதெல்லாம் இந்த வார்ஃபரின் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தோன்றும். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்துப்போயின. அந்த வைக்கோலிலிருந்து பிரித்தெடுத்த பொருளின் வழித்தோன்றல்தான் வார்ஃபரின். 1948-இல் எலி விஷமாக விற்பனைக்கு வந்தது, 1954-இல் மனிதர்களுக்கு மருந்தானது.

இனி உங்கள் டம்ளர். சிறுநீர் சிவப்பு பீட்ரூட்டால்தான் இருக்க வேண்டும். பத்தில் ஒருவருக்கு அப்படிப் போகும், இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே. இரண்டு மூன்று நாள் பீட்ரூட்டை நிறுத்துங்கள். அப்போதும் சிவப்பாகப் போனால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிற ஆள் வடிகட்டிக் குடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் தூக்கிப்போடும் சக்கைதான் சர்க்கரையை மெதுவாக ஏறவைக்கும் நார்ச்சத்து. மென்று சாப்பிடுங்கள். இரண்டாவது, பசலையும் பீட்ரூட்டும் இரண்டுமே ஆக்ஸலேட் (கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் கல்லாகக்கூடிய பொருள்) மிகுந்தவை. பச்சையாக, தினமும், செறிவாகக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஆக்ஸலேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும். கூடத் தயிர் இருந்தால் மீதியில் கொஞ்சத்தைக் கால்சியம் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஹீமோகுளோபினுக்காகப் பசலையை நம்பியிருந்தால் அதுவும் பலவீனமான நம்பிக்கைதான். அதில் இரும்பு இருக்கிறது, உடம்பு எடுத்துக்கொள்வது குறைவு. பருப்பு, பயறு, கொண்டைக்கடலை பக்கம் போங்கள்; அதோடு வைட்டமின் சி உள்ள ஏதாவது சேரட்டும். ஆரஞ்சைவிடச் சிவப்புக் குடைமிளகாயில் வைட்டமின் சி இரண்டு மடங்குக்கும் மேல். டீ, காபியைச் சாப்பாட்டை ஒட்டிக் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். இதெல்லாம் செய்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் காரணம் தட்டில் இல்லை. ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

வேகவைத்தால் வீணா என்று கேட்டீர்களே, இதற்கு ஒரே பதில் கிடையாது, நிறத்துக்கு நிறம் மாறும். கேரட்டின் ஆரஞ்சும் தக்காளியின் சிவப்பும் எண்ணெயில் கரைபவை, செல்சுவருக்குள் மாட்டிக்கொண்டிருப்பவை. வெப்பம் அந்தச் சுவரை உடைத்துவிடும், எண்ணெய் வெளியே கொண்டுவரும். எண்ணெய் விட்டு வதக்கிய தக்காளியில் அந்தச் சிவப்பு, அதாவது லைக்கோபீன், பச்சைத் தக்காளியைவிட நன்றாக உடம்பில் சேர்கிறது. எண்ணெயே இல்லாத உங்கள் கேரட் ஜூஸில் பாதி வேலைகூட நடக்கவில்லை.

முட்டைக்கோஸின் ஊதா வேறு ஜாதி. அது ஆந்தோசயனின், தண்ணீரில் கரையும். நீலத் தண்ணீராக நீங்கள் கொட்டியது அதுதான். அடுத்த தடவை அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பிழிந்த இடத்திலிருந்து இளஞ்சிவப்பு கீழே இறங்கும், கலக்கினால் டம்ளர் முழுக்கச் சிவப்பாகும். புளிப்பு சேர்ந்தால் சிவக்கும், தண்ணீரில் காரம் இருந்தால் நீலத்துக்கும் பச்சைக்கும் போகும். நீலமானதால் சத்து செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சத்து தண்ணீரில் இருக்கிறது, அவ்வளவுதான். முட்டைக்கோஸை மெல்லியதாகச் சீவி, எலுமிச்சை பிழிந்து பச்சையாகச் சாப்பிடுவது நல்லது. இல்லையென்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவைத்து, அது வற்றும்வரை வேகவிடுங்கள்.

நேர்ப்பேச்சு சார் சொன்னதில் பாதி நியாயம். நிறத்தை மட்டும் பார்த்தால் பூண்டையும் காலிஃபிளவரையும் ஒதுக்கிவிடுவோம், அது முட்டாள்தனம். பூண்டின் சரக்கே நசுக்கும்போதுதான் உண்டாகிறது. நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு அடுப்பில் போடுங்கள். முழுப் பல்லாகச் சூட்டில் போட்டால் அதை உண்டாக்கும் நொதி முதலிலேயே அடங்கிவிடும். ஆனால் ஒரு விஷயத்தில் அவரோடு சண்டை: நிறத்தைத் தேடுகிற ஆள் தன்னையறியாமல் ஒரே காயைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிடமாட்டார். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 400 கிராம் காய்கனி (உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்குகள் கணக்கில் வராது) அப்படித்தான் சலிக்காமல் உள்ளே போகும்.

இரட்டைக்குழந்தை

அக்கா, ஒரு சின்னச் சந்தேகம். என் சின்னவனுக்கு உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாக இருக்கின்றன. தினமும் கேரட்டும் பூசணியும் மசித்துத்தான் கொடுக்கிறேன். மஞ்சள்காமாலையோ என்று என் மாமியார் அழவே ஆரம்பித்துவிட்டார்.

மருந்துச்சீட்டு

கண்ணின் வெள்ளையைப் பாருங்கள் அம்மா. அது வெள்ளையாகவே இருந்து, உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு மட்டும் மஞ்சளாக இருந்தால் கேரட்டின் பீட்டா கரோட்டின் தோலில் தேங்கியிருக்கிறது. அளவைக் குறைத்தால் சில வாரங்களில் தானாகவே மறையும். கண் மஞ்சளாக இருந்தாலோ, சிறுநீர் அடர்ந்து போனாலோ, மலம் வெளுத்திருந்தாலோ இன்றைக்கே டாக்டர்.

கேரட் எவ்வளவு சாப்பிட்டாலும் வைட்டமின் ஏ விஷமாகாது, உடம்பு தேவையான அளவுக்குத்தான் மாற்றிக்கொள்ளும். பீட்டா கரோட்டினையே மாத்திரையாக விழுங்கும்போதுதான் கதை மாறும். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அதனால்தான் புகைப்பிடிக்கிறவர் யாராவது அந்த மாத்திரையைக் கேட்டால் நான் எடுத்துக் கொடுப்பதில்லை, காய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

நேர்ப்பேச்சு

பூண்டு நசுக்கின விஷயம் எனக்குத் தெரியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். வானவில்லை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மேசைநாற்காலி

அக்கா, ரொம்ப நன்றி. அம்மாவிடம் மஞ்சள் கேப்சூலை வாங்கி வைத்துவிட்டேன். "நீ மட்டும் குடிக்கிறாயே" என்று ஒரு சண்டை, முடிந்தது. முட்டைக்கோஸ் தண்ணீரில் எலுமிச்சை விட்டுக் காட்டியதும் சமாதானமாகிவிட்டார். ஐ.என்.ஆர். அடுத்த வாரம்தான் பார்க்க வேண்டும், ஆனால் நான் கேட்பதற்கு முன்பே அவர் என் டம்ளரிலிருந்து சில நாள் குடித்திருக்கிறார், இப்போதுதான் சொல்கிறார். முன்கூட்டியே பார்க்கட்டுமா?

இன்னொன்று, தங்கை கேட்கச் சொன்னாள். எட்டு மாதக் குழந்தைக்கு இருமல். இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கலாமா?

மருந்துச்சீட்டு

ஆமாம், நாளைக்கே பாருங்கள். சில நாள் குடித்து நிறுத்தியதையும், கேப்சூல் ஒன்றிரண்டு விழுங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோல் நீலமாகக் கன்றிப்போதல், கறுப்பாக மலம் என்றால் பரிசோதனை நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல் என்றால் ஆம்புலன்ஸ்.

எட்டு மாதத்துக்குத் தேன் கூடாது, விரல் நுனியில் தொட்டு வைப்பதுகூட வேண்டாம். தேனில் போட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும்; ஒரு வயதுக்குள் குடல் அவற்றை முளைக்க விட்டுவிடும், சூடுபண்ணினாலும் அவை சாகா. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவு படுக்கும் முன் ஒரு சிறு கரண்டி தேன் இருமலை உண்மையிலேயே தணிக்கும். இஞ்சிச் சாறும் இந்த வயதில் வேண்டாம், தொண்டையை எரிக்கும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ தங்கையை உடனே கிளம்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் மூக்கில் சலைன் (மருந்துக்கடை உப்புநீர்) சொட்டு விட்டு, தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள்.