பழைய படகு, சூடேறும் எஞ்சின்: எங்கே பார்ப்பது?

வணக்கம். 30 வருடப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, கரையை ஒட்டியே ஓட்டிப் பழகுகிறேன். இன்று நான்காம் நாள். பாய் எல்லாம் சரி, டீசல் எஞ்சின்தான் படுத்துகிறது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை; வேகம் கூட்டினால் அரை மணி நேரத்தில் சூடு ஏறிவிடுகிறது. எஞ்சினைக் குளிரவைத்துவிட்டுப் புகைக்குழாய் வழியே வெளிவரும் கடல்நீரும் குறைவு.

வடிகட்டியைத் திறந்தேன், கைநிறையப் பாசி. அப்புறம் பம்பைக் கழற்றினால், தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரில் (சுழலும் இதழ்ச் சக்கரம்) ஆறு இதழில் இரண்டைக் காணோம்! புதிது மாட்டியும் சூடு முழுதாகத் தணியவில்லை. உடைந்த துண்டுகள் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் பாகம்) வாயில் சிக்கியிருக்குமோ? குழாயை மட்டும் எடுத்துவிட்டு எதிர்ப்பக்கமிருந்து தண்ணீர் அடித்தால் வந்துவிடுமா, முழுசாகக் கழற்றத்தான் வேண்டுமா? விற்றவரைக் கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அதுவரை நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.