எக்ஸ்பி எஸ்பி3-க்கு 888111 வேண்டுமா, வேண்டாமா? இனியாவது தப்பாகச் சொல்லாதீர்கள்!

மூத்தபெட்டி (இரவு 8.40)

நேற்று ஊமைப்பெட்டி பாவம், பழைய கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியை எஸ்பி3-உடன் (மைக்ரோசாஃப்டின் மூன்றாவது சர்வீஸ் பேக், அதாவது திருத்தத் தொகுப்பு) புதிதாகப் போட்டேன், சவுண்ட் கார்டில் சத்தமே வரவில்லை, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறி நிற்கிறது என்று கேட்டிருந்தார். அதற்கு நேர்கோடு ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார்: "எஸ்பி3 இருக்கிறதல்லவா? 888111 எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. தனியாகப் போட வேண்டாம்."

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பேர் இந்த ஒரு வரியை நம்பி எக்ஸ்பியைத் திரும்பத் திரும்ப அழித்துப் போட்டிருப்பார்கள்!

எக்ஸ்பி வந்தது 2001. மதர்போர்டிலிருந்தே சத்தம் தரும் புது முறையான இன்டெலின் எச்டி ஆடியோ வந்தது 2004. பிறக்காத பிள்ளையை எக்ஸ்பிக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் அதோடு பேச யுஏஏ பஸ் ட்ரைவர் என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட்காரர்கள் தனியாகக் கொடுத்தார்கள். அந்த அப்டேட்டின் எண்தான் கேபி888111. அது உள்ளே போகாத வரை உங்கள் சவுண்ட் சிப் எக்ஸ்பியின் கண்ணுக்கு வெறும் 'பிசிஐ டிவைஸ்'. எந்தக் கம்பெனி ட்ரைவரைக் கொண்டுவந்து கொட்டினாலும் ஒட்டாது.

எஸ்பி3 இருந்தாலும் 888111 வேண்டும். வேண்டும். வேண்டும்.

நேர்கோடு (இரவு 9.05)

மூன்று முறை எழுதினால் உண்மையாகிவிடுமா அண்ணே?

நான் கையால் செய்து பார்த்துத்தான் சொன்னேன். எஸ்பி3 போட்ட கணினியில் 888111-ஐ ஓட்டிப் பாருங்கள், என்ன சொல்கிறது? உங்கள் சர்வீஸ் பேக் இந்த அப்டேட்டை விடப் புதியது, இதை நிறுவத் தேவையில்லை என்கிறது. தேவையில்லை என்று செட்டப்பே சொல்கிறது. நீங்கள் வேண்டும் என்கிறீர்கள். யாரை நம்புவது?

மூத்தபெட்டி (இரவு 9.21)

சிரிப்புதான் வருகிறது. அந்தச் செட்டப் எஸ்பி2 காலத்தில் எழுதியது. எஸ்பி3 வந்தது 2008. பின்னால் வரப்போகும் எஸ்பி3-க்குள் என்ன இருக்கும் என்று அது ஜாதகம் பார்த்தா சொல்லும்? அது எண்ணை மட்டும் ஒப்பிடுகிறது, தம்பி. மூன்று இரண்டை விடப் பெரிது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த கணக்கு. வாசல் காவலாளி கதவைத் திறக்கவில்லை என்றால் உள்ளே விருந்து முடிந்துவிட்டது என்று அர்த்தமா?

ஊமைப்பெட்டி, நீங்கள் இதைச் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரி எடிட்டரை (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடத்தைத் திருத்தும் கருவி) திறந்து எச்கேஎல்எம், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், விண்டோஸ் என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே சிஎஸ்டிவெர்ஷன் என்று ஒரு வரி, 300 என்று இருக்கும். அதை 200 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது கணினி தன்னை எஸ்பி2 என்று நினைத்துக்கொள்ளும். 888111 மறுபேச்சுப் பேசாமல் ஏறும். பிறகு மறக்காமல் 300-க்கே மாற்றிவிடுங்கள்.

நேர்கோடு (இரவு 9.30)

ஆக, செட்டப்பை ஏமாற்றித்தான் உள்ளே விட வேண்டும் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். நன்றி.

சாலிடர் (இரவு 9.38)

ஒரு நிமிடம். இரண்டு பேரும் 'ட்ரைவர்' என்று எதைச் சொல்கிறீர்கள்? இங்கே இரண்டு அடுக்கு இருக்கிறது. கீழே பஸ் ட்ரைவர், அதாவது எச்டிஆட்பஸ் என்ற கோப்பு. அது சிப்செட்டில் உள்ள ஆடியோ கன்ட்ரோலரோடு பேசும். மேலே சிப் கம்பெனியின் ட்ரைவர். அது கோடெக்கோடு, அதாவது டிஜிட்டலைச் சத்தமாக மாற்றும் சிப்போடு, பேசும். விஸ்டாவிலிருந்து பஸ் ட்ரைவரும், மேலடுக்குக்கு ஒரு பொது ட்ரைவரும் கூடவே வருகின்றன. எக்ஸ்பியில் மேலடுக்கு எப்படியும் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

எனவே டிவைஸ் மேனேஜரில் என்ன பெயர் வருகிறது என்று பார்த்தாலே போதும். 'பிசிஐ டிவைஸ்' என்றிருந்தால் பஸ் ட்ரைவர் இல்லை. 'ஆடியோ டிவைஸ் ஆன் ஹை டெஃபனிஷன் ஆடியோ பஸ்' என்றிருந்தால் அது ஏற்கெனவே இருக்கிறது, மேலடுக்கு மட்டும்தான் பாக்கி. ஊமைப்பெட்டி, உங்களுக்கு எது வருகிறது?

மூத்தபெட்டி (இரவு 9.44)

அடுக்கு, மாடி எல்லாம் இருக்கட்டும் சாலிடர். கேள்வி ஒன்றே ஒன்று: எஸ்பி3 இருந்தால் 888111 வேண்டுமா, வேண்டாமா? வேண்டும்.

நேர்கோடு (இரவு 9.45)

வேண்டாம்.

பென்குயின்பித்தன் (இரவு 9.52)

மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தி 2014 ஏப்ரலோடு மூச்சடங்கிய எக்ஸ்பிக்கு இன்னும் செயற்கை சுவாசம் கொடுத்துக்கொண்டு இருக்கிறீர்களே! லினக்ஸ் போடுங்கள். எச்டிஏ இன்டெல் மாட்யூல் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எந்த நம்பரும் தேட வேண்டாம்.

மூத்தபெட்டி (இரவு 10.01)

வந்துவிட்டார்! தலைவலி என்று வந்தால் தலையை மாற்றச் சொல்லும் வைத்தியர். உங்கள் லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவில் முதல் நாள் சத்தம் வராமல் நீங்கள் இதே இடத்தில் புலம்பியதை நான் மறக்கவில்லை. அல்சாமிக்சரைத் திறந்தால் மாஸ்டருக்குக் கீழே 'எம்எம்' என்று நின்றது, ஊமையாக்கி வைத்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எம் பொத்தானை ஒருமுறை தட்டச் சொன்னது யார்? இந்த மூத்தபெட்டிதான். லினக்ஸ் பக்கம் போகாதவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பென்குயின்பித்தன் (இரவு 10.04)

அது மூன்று வருடக் கதை. ஒரு பொத்தானில் முடிந்ததே, ரெஜிஸ்ட்ரியைக் குடையச் சொல்லவில்லையே.

எழுத்தாணி (இரவு 10.10)

விவாதம் நன்று. ஆனால் தமிழில் பேசும் இடத்தில் 'சவுண்ட் கார்டு', 'ட்ரைவர்' என்று எழுதுவது உறுத்துகிறது. ஒலி அட்டை, இயக்கி என்று அழகான சொற்கள் இருக்கின்றனவே.

மூத்தபெட்டி (இரவு 10.15)

ஐயா, சொற்கள் அழகுதான். ஆனால் அட்டை எங்கே இருக்கிறது? சிப் மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. அவர் 'ஒலி அட்டை எங்கே' என்று மூடியைக் கழற்றித் தேடப்போகிறார்.

எழுத்தாணி (இரவு 10.19)

'கார்டு' என்று சொன்னால் மட்டும் தேட மாட்டாரா?

நேர்கோடு (இரவு 10.20)

ஹாஹா. எழுத்தாணி ஐயாவுக்கு ஒரு ஓ. அண்ணனுக்குப் பதில் இல்லை.

மூத்தபெட்டி (இரவு 10.34)

பதில் இல்லையா? ஒழுங்காகவே எழுதுகிறேன், படித்துவிட்டுப் பேசுங்கள்.

ஐசிஎச்7 சிப்செட் உள்ள மதர்போர்டில் நானே எஸ்பி3 சேர்த்த வட்டிலிருந்து எக்ஸ்பி போட்டேன். போட்டு முடித்ததும் டிவைஸ் மேனேஜரில் பிசிஐ டிவைஸ், மஞ்சள் கேள்விக்குறி. டீடெயில்ஸ் பக்கத்தில் அடையாள எண் பார்த்தேன்: விஇஎன்_8086, டிஇவி_27டி8. 8086 என்றால் இன்டெல், 27டி8 என்றால் ஐசிஎச்7-இன் எச்டி ஆடியோ கன்ட்ரோலர். கோடெக் கம்பெனியான ரியல்டெக்கின் எண் 10இசி அங்கே தலைகாட்டவே இல்லை. ஏன்? கோடெக் எண் தெரிய வேண்டுமென்றால் நடுவில் பஸ் ட்ரைவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கோப்பு உள்ளே இருந்தால் எக்ஸ்பி தானே எடுத்துப் போட்டிருக்காதா?

பிறகு ரெஜிஸ்ட்ரியைக்கூடத் தொடவில்லை. 888111 செட்டப்பை '/x' சேர்த்து ஓட்டினேன், விரிந்து ஒரு ஃபோல்டராக விழுந்தது. பிசிஐ டிவைஸ் மேல் வலது கிளிக், அப்டேட் ட்ரைவர், ஹேவ் டிஸ்க், அந்த ஃபோல்டரில் இருந்த எச்டிஆட்பஸ்.ஐஎன்எஃப். ஒரு நொடி திரை கண் சிமிட்டியது. சிஸ்டம் டிவைசஸ் கீழே யுஏஏ பஸ் ட்ரைவர் என்று புது வரி. அடுத்த நொடி புது ஹார்டுவேர் கண்டுபிடித்தேன் என்று பலூன் எழும்பியது. அதில் 10இசி. ரியல்டெக். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நேர்கோடு (இரவு 10.47)

உங்கள் வட்டில் எஸ்பி3-ஐ நீங்கள் எப்படிச் சேர்த்தீர்களோ, யாருக்குத் தெரியும்? என் கணினியில் எஸ்பி3 போட்ட பிறகு மதர்போர்டு வட்டில் இருந்த ஆடியோ செட்டப்பை ஓட்டினேன், ரீஸ்டார்ட், சத்தம். 888111 என்ற எண்ணையே நான் பார்க்கவில்லை.

சாலிடர் (இரவு 10.52)

அந்த ஆடியோ செட்டப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள் நேர்கோடு. எம்எஸ்எச்டிகியூஎஃப்இ என்று ஒரு துணை ஃபோல்டர் இருக்கும். 888111 அதற்குள்தான் படுத்திருக்கும். பல செட்டப்புகள் அதை நம்மிடம் கேட்காமலே முதலில் ஓட்டிவிடும்.

மூத்தபெட்டி (இரவு 10.53)

ஆஹா! ஆஹா! படுத்திருக்கும்! கேட்டுக்கொள்ளுங்கள்! தம்பி போடாமல் போட்டிருக்கிறார்!

நேர்கோடு (இரவு 10.58)

அப்படியென்றால் நான் சொன்னதுதானே சரி? "தனியாகப் போட வேண்டாம்" என்றுதானே எழுதினேன்? தனியாக. அந்தச் சொல்லைக் கவனித்தீர்களா?

அப்புறம் இந்தத் 'தம்பி' எதற்கு? என் வயது உங்களுக்குத் தெரியுமா? விண்டோஸ் 98-இல் விஎக்ஸ்டி என்ற பழைய வகை ட்ரைவரும் டபிள்யூடிஎம் என்ற புது வகை ட்ரைவரும் அடித்துக்கொண்ட காலத்திலிருந்து பெட்டி தட்டுகிறேன்.

மூத்தபெட்டி (இரவு 11.06)

"தனியாக" என்றால் இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது. "அதற்குள்ளேயே இருக்கிறது" என்றும் எழுதினீர்களே? அதற்குள் என்றால் எஸ்பி3-க்குள். ஆடியோ செட்டப்புக்குள் இல்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு என்ன பேச!

தம்பி என்றது பாசத்தில். வேண்டாமென்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், 'சார்'.

நேர்கோடு (இரவு 11.09)

சார் வேண்டாம். பாசமும் வேண்டாம். 888111-உம் வேண்டாம்.

ஊமைப்பெட்டி (இரவு 11.31)

எல்லோருக்கும் வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும், ஊமையான பெட்டியோடு போராடிக்கொண்டிருந்தேன்.

முதலில் சிஎஸ்டிவெர்ஷனை 200 ஆக்கினேன். அப்போதும் செட்டப் அதே பதில் சொன்னது. பிறகுதான் பார்த்தேன், ஹெக்ஸாடெசிமலுக்குப் பதில் டெசிமலைத் தொட்டுவிட்டு 200 அடித்திருக்கிறேன். திரும்பத் திறந்தால் டெசிமல் 200-ஐ ஹெக்ஸில் சி8 என்று காட்டியது. சரியாக மாற்றி ரீஸ்டார்ட் செய்துவிட்டு, நேர்கோடு சொன்னபடி மதர்போர்டு வட்டில் இருந்த ஆடியோ செட்டப்பையும் ஓட்டினேன். இப்போது பின்பக்கப் பச்சைத் துளையில் சத்தம் வருகிறது! 300-க்கும் மாற்றிவிட்டேன். எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியவில்லை, எல்லோருக்கும் நன்றி.

ஒரு சின்னக் கேள்வி: முன்பக்க ஹெட்போன் துளையில் மட்டும் இன்னும் சத்தம் இல்லை. எதாவது செய்ய முடியுமா?

மூத்தபெட்டி (இரவு 11.33)

எது வேலை செய்தது என்று தெரியவில்லையா? எனக்குத் தெரியும். 200 ஆக்கினீர்கள், 888111 ஏறியது, சத்தம் வந்தது. வழக்கு முடிந்தது.

நேர்கோடு (இரவு 11.35)

ஆடியோ செட்டப்பை ஓட்டினார், சத்தம் வந்தது. 888111-ஐத் தனியாக ஓட்டியதாக எங்கே எழுதியிருக்கிறார்? கண்ணாடி போட்டுப் படியுங்கள் அண்ணே.

சாலிடர் (இரவு 11.40)

ஊமைப்பெட்டி, பெட்டியின் முன்பக்க ஒயர், எச்டி ஆடியோவுக்கு முந்தைய பழைய ஏசி97 வகையாக இருக்கலாம். எச்டி ஆடியோவில் பிளக் செருகியதைச் சிப் உணர ஒரு தனிக் கம்பி உண்டு, ஏசி97-இல் அது கிடையாது. செருகியதே தெரியாததால் சத்தத்தை அங்கே அனுப்பாது. ஆடியோ கன்ட்ரோல் பேனலில் முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்திப் பாருங்கள். சில பயாஸிலும் முன்பக்கப் பேனலை ஏசி97 என்று மாற்ற இடம் இருக்கும்.

பென்குயின்பித்தன் (இரவு 11.44)

அல்லது லினக்ஸ்.

மூத்தபெட்டி (இரவு 11.47)

அல்லது வாய்.

நேர்கோடு, போன வருடம் இதே போல் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு சிடி ஒலியின் 44.1 கிலோஹெர்ட்ஸை அப்படியே வெளியே விடும் என்று நின்றீர்கள். அந்தச் சிப் உள்ளே எல்லாவற்றையும் 48-க்கு மாற்றித்தான் ஓட்டும் என்று நான் சொல்லியும் ஏற்கவில்லை. அன்றும் அசையவில்லை, இன்றும் அசையவில்லை.

நேர்கோடு (இரவு 11.52)

அன்று நான் கேட்டது காதுக்கு வித்தியாசம் தெரியுமா என்று. அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். எஸ்பி3 இருந்தால் 888111 தனியாக வேண்டாம்.

எழுத்தாணி (இரவு 11.55)

ஜாக் என்பதற்குச் 'செருகுதுளை' எனலாம்.

ஊமைப்பெட்டி (நள்ளிரவு 12.10)

சாலிடர் சார், அந்தக் கன்ட்ரோல் பேனலில் ஒரு சின்ன ஸ்பேனர் மாதிரி படம் இருக்கிறது. அதையா அழுத்த வேண்டும்?

மூத்தபெட்டி (நள்ளிரவு 12.12)

ஸ்பேனர் அப்புறம். முதலில் ஒரு உதவி செய்யுங்கள் ஊமைப்பெட்டி: சிஸ்டம்32-இல் ட்ரைவர்ஸ் ஃபோல்டருக்குப் போய் எச்டிஆட்பஸ் கோப்பின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், வெர்ஷன். அங்கே வரும் எண்ணையும் தேதியையும் அப்படியே படம் பிடித்து இங்கே போடுங்கள். சிலருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

நேர்கோடு (நள்ளிரவு 12.13)

போடுங்கள், போடுங்கள். நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.