புதுப்பிப்பு: எங்க தெரு ரோட்டுக்கு யார் காசு?

குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய எங்க தெருவைச் சரிசெய்ய யார் காசு தருவார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். விசாரித்துவிட்டேன். தோண்டுகிறவர்கள் சாலை வெட்டுக் கட்டணத்தை மாநகராட்சியிடம் முன்கூட்டியே கட்ட வேண்டும். திரும்பப் போடுவது மாநகராட்சி வேலை.

"வண்டி வாங்கும்போதே ரோடு டாக்ஸ் கட்டினோமே" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அது மாநில அரசு கஜானாவுக்குப் போகிறது. தெருவுக்கு நேராக வருவது அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரி. (2022-ல் ஏற்றினார்களே, அதேதான்.)

நேற்று மில்லிங் மெஷின் வந்து பழைய தாரைச் சுரண்டிவிட்டது. சந்தோஷம்! இப்படிச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் அறிவுறுத்தியும், பல இடங்களில் பழைய சாலை மேலேயே போட்டு வாசலைப் பள்ளமாக்குகிறார்கள். இப்போதைக்கு மேன்ஹோல் மூடி நாலு விரல் துருத்தி நிற்கிறது. பக்கத்தில் யாரோ வேப்பங்கிளை நட்டிருக்கிறார்கள். தார் எப்போது என்று வேலையாட்களிடம் கேட்டால், "லோடு வரணும் சார்" என்கிறார்கள்.