ஏரிக்கரையில் இருப்பது பொன்னாங்கண்ணியா, அலிகேட்டர் வீட் களையா? ஐநேச்சுரலிஸ்ட்டில் எப்படிப் பதிவது?

கேள்வி: வர்த்தூர்_ரோடு

வணக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஏரி. கரையிலிருந்து தண்ணீருக்குள் பத்துப் பதினைந்தடி வரை ஒரே செடி படர்ந்து கிடக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் ஆப் (பார்த்த செடி, உயிரினங்களைப் படத்தோடு பதியும் செயலி) முதலில் காட்டும் பெயர் ஆல்டர்நாந்தெரா ஃபிலாக்ஸெராய்டிஸ், அதாவது அலிகேட்டர் வீட் என்ற வெளிநாட்டுக் களை. அடுத்ததாக ஆல்டர்நாந்தெரா செஸ்ஸைலிஸ், நம்ம பொன்னாங்கண்ணி. கரையில் கீரை பறிப்பவர்களைக் கேட்டால் "ஹொன்னகொன்னே" என்று கன்னடத்தில் பொன்னாங்கண்ணி பெயரைத்தான் சொல்கிறார்கள். எதை நம்புவது?

மூன்று பதிவு போட்டதில் இரண்டு "நீட்ஸ் ஐடி" (பெயர் இன்னும் உறுதியாகாத நிலை) என்பதிலேயே நிற்கிறது, ஒன்று "கேஷுவல்" (ஆய்வுக்குச் சேராத நிலை) ஆகிவிட்டது. காரணம் என்ன? பதிவு போட்டால் மாநகராட்சிக்குத் தகவல் போகுமா? இன்னொன்று: மழை வந்தால் அபார்ட்மெண்ட் தோட்டத்தில் பெரிய பெரிய நத்தைகள் வருகின்றன. அதையும் பதியலாமா?

பதில்: கணுவும்_இலையும்

ஆப் சொல்வது யோசனைதான், தீர்ப்பு இல்லை. இந்த இரண்டு செடிக்கும் இலையை மட்டும் படம் பிடித்துப் போட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பூவைப் பாருங்கள்.

அலிகேட்டர் வீடில் வெள்ளைப் பூங்கொத்து உருண்டையாக, ஒரு சென்டிமீட்டருக்கு முன்பின் அகலத்தில் இருக்கும். முக்கியம் என்னவென்றால் அது ஒரு காம்பின் நுனியில் நிற்கும். இலைக்கணுவிலிருந்து காம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டராவது நீண்டிருக்கும். நாட்டுப் பொன்னாங்கண்ணியில் காம்பே கிடையாது. சின்னச் சின்ன வெள்ளைக் கொத்துகள் இலையும் தண்டும் சேரும் மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த ஒரு அடையாளமே போதும்.

தண்டு பொள்ளலாக இருந்தால் அலிகேட்டர் வீட் என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். முற்றிய அலிகேட்டர் வீட் தண்டு உள்ளே வெற்றாக இருப்பது உண்மைதான். ஆனால் தண்ணீரில் மிதந்து வளரும் பொன்னாங்கண்ணியின் தண்டும் பொள்ளலாகும். அதனால் தண்டைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

ஒரு பதிவுக்கு நான்கு படம் எடுங்கள்: பூக்காம்பு கணுவோடு சேரும் இடம் பக்கவாட்டில், எதிரெதிராக இலை நிற்கும் ஒரு கணு, தண்டின் குறுக்குவெட்டு, செடி படர்ந்திருக்கும் பரப்பு தூரத்திலிருந்து. முதல் படத்தில் பக்கத்திலேயே பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அது 27 மி.மீ. ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்களின் அளவு வெளியீட்டுக்கு வெளியீடு மாறியிருப்பதால் அளவுகோலாகப் பயன்படாது. வெள்ளைப்பூ வெயிலில் வெளுத்துத் தெரியும், உங்கள் நிழலைப் பூமேல் விழவிட்டு எடுங்கள்.

பூ இல்லாத சமயம் என்றால் இனப்பெயர் போடாமல் "ஆல்டர்நாந்தெரா" என்ற பேரினத்தோடு நிறுத்துங்கள். பூத்தபின் புதுப் பதிவாகப் போடலாம்.

கீரை விஷயம்: சாக்கடை கலக்கும் ஏரி என்றால் அது எந்தச் செடியாக இருந்தாலும் சமையலுக்கு வேண்டாம். கன உலோகங்களை இவை தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும்.

பதில்: பதிவேடு

ஆப் பக்கத்துக்கு வருகிறேன். தேதி, இடம், படம் மூன்றும் இருந்து, இரண்டு பேராவது பார்த்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால்தான் "ரிசர்ச் கிரேடு". அதற்கு முன்னால் "நீட்ஸ் ஐடி". உங்கள் இரண்டு பதிவும் நிற்பது இலைப்படம் மட்டும் போட்டதால்தான் இருக்கும்.

"கேஷுவல்" ஆனதற்கு இரண்டு வழக்கமான காரணங்கள். தேதியோ இடமோ இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றால் வளர்ப்புச் செடி என்ற குறி விழுந்திருக்கலாம். காம்பவுண்டுக்குள் இருக்கிறது என்பதற்காக அந்தக் குறியைப் போடக்கூடாது. யாராவது நட்டதா, தானாக வந்ததா என்பதுதான் கேள்வி. தொட்டியில் வைத்த ஆகாயத்தாமரை வளர்ப்பு; ஏரியில் மிதப்பது அப்படியில்லை. உங்கள் தோட்டத்து நத்தையும் தானாக வந்ததுதான்.

இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளியைச் சுற்றி வரும் வட்டம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் அந்தப் பதிவு ஏரிக்கு உதவாது. போனில் துல்லிய இருப்பிட அனுமதியைக் கொடுங்கள், வரைபடத்தில் விரலால் புள்ளியைச் சரியான கரைக்கு நகர்த்துங்கள். இருப்பிடத்தை "அப்ஸ்க்யூர்ட்" என்று வைத்திருந்தால் "ஓபன்" ஆக்குங்கள். மறைத்து வைத்தால் புள்ளி சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ போய் விழும். வர்த்தூர் செடி வேறு ஏதோ ஏரியில் இருப்பதுபோல் தெரியலாம். வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும் மறைப்பது நியாயம்.

நண்பர்களைக் கூப்பிட்டு "அக்ரீ" அழுத்தச் சொல்லும் வேலை வேண்டாம். பூவைப் பார்க்காத இரண்டு பேர் சேர்ந்தால் தப்பான பெயரும் ரிசர்ச் கிரேடு ஆகி, உலக உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தரவுத்தளம் வரை போய்விடும்.

கேள்வி கேட்டவர்: வர்த்தூர்_ரோடு

நன்றிங்க. கேஷுவல் ஆன படம் பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதனாலா?

பதில்: பதிவேடு

அதேதான். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் தேதியும் இடமும் கழன்றுவிடும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே வரும். இன்னும் சரியான வழி, எடுத்தவரே தன் கணக்கில் போடுவது.

பதில்: ராஜகால்வாய்

மாநகராட்சிக்குத் தானாக எதுவும் போகாது. ஆப் ஒரு பதிவேடு, புகார்ப்பெட்டி இல்லை. ரிசர்ச் கிரேடு ஆன பதிவின் இணைப்பு, வரைபடப் படம், பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்ற கணக்கு, மதகும் கலிங்கும் (உபரிநீர் வழியும் இடம்) எந்தப் பக்கம் என்ற குறிப்பு, இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி ஏரியைப் பராமரிக்கும் அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்ததால், உங்கள் ஏரி எதில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது "செடியை வெட்டுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அலிகேட்டர் வீட் தென் அமெரிக்கச் செடி. வந்து சேர்ந்த நாடுகளில் பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை, கணுவால்தான் பரவுகிறது. ஒரு கணு உள்ள துண்டு போதும், ஈரம் பட்டால் வேர் விடும். இயந்திரம் விட்டு நறுக்கினால் ஆயிரக்கணக்கில் துண்டு மிதக்கும். எனவே வேலை தொடங்குமுன் கலிங்கில் வலை கட்ட வேண்டும், வாரியதைக் கரையிலேயே குவிக்காமல் உலர்ந்த மேட்டில் முழுக்கக் காயவிட வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. துண்டுகளுக்கும் அதே வழிதான்.

வேலை முடிந்த பிறகு பழைய பதிவைத் திருத்தாமல், அதே இடத்தில் மாதம் ஒரு புதுப் பதிவு போடுங்கள். திரும்ப முளைத்தால் தேதியோடு காட்டலாம்.

பதில்: கணுவும்_இலையும்

நத்தை விட்டுப்போனது. ஓடு கூம்பாக நீண்டு, பழுப்பில் கருங்கோடுகளோடு விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தால் தோட்டத்தை அழிக்கும் வெளிநாட்டு இனமான ஆப்பிரிக்க ராட்சத நத்தையாக இருக்கலாம். வாய்ப்பக்கத்தைக் கட்டாயம் படமெடுங்கள். ஓட்டின் நடுத்தூண் அடியில் வெட்டினாற்போல் முடியும். நாட்டு நத்தைகளில் சில தட்டையாக, வட்டமாக இருக்கும், அவற்றைக் கொல்லாதீர்கள்.

வெறுங்கையால் தொட வேண்டாம். எலி நுரையீரல் புழுவை ராட்சத நத்தை சுமக்கும், மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். பெயர் உறுதியான பிறகு, மழை விட்ட மாலையில் நனைந்த சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் இலையைப் போட்டு வையுங்கள், காலையில் கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, கெட்டியான உப்புக்கரைசல் வாளியில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவினால் செடிதான் சாகும். மண்ணைக் கிளறும்போது மிளகளவில் வெளிர் மஞ்சள் முட்டைகள் கொத்தாக வந்தால் அவையும் அதே வாளிக்கு.