ஜகுவார் புரொஜெக்ட் 8 பற்றித் தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ

வணக்கம். கிளிநொச்சியில கராஜ் வைச்சிருக்கிறன். ஜேர்மனியில இருக்கிற பெரியம்மாவின்ர மகன் ஜகுவார் எக்ஸ்ஈ எஸ்வி புரொஜெக்ட் 8 ஒண்டை செக்கனான்டா வாங்க நிக்கிறார். "தம்பி, என்ன சொல்லுறாய்?" எண்டு கேக்கிறார்.

300 மட்டும்தான் செய்யிறது எண்டு அறிவிச்ச கார். 5 லீற்றர் வி8, சூப்பர்சார்ஜர், 600 குதிரைவலு. 2017இல ஜேர்மனியில இருக்கிற நூர்பேர்க்ரிங் ரேஸ் ட்ராக்கை 7 நிமிசம் 21 செக்கனில சுத்தினது. வீடியோ கோலில ஸ்டார்ட் பண்ணிக் காட்ட, என்ர பெடியள் கையில ஸ்பானரோட அப்பிடியே நிண்டிட்டாங்கள்.

பின்சீற் இல்லாதது வேண்டாம், நாலு சீற் உள்ளதை எடுங்கோ எண்டிட்டன். ரெண்டு பிள்ளையள் இருக்கு. காபன் செராமிக் பிறேக்தான் எனக்குப் பயம். டிஸ்க் தேய்மானத்தை எப்பிடிப் பாக்கிறது? சாதாரண ரோட்டில குலுக்குமோ? ஓடின ஆக்கள் சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமை பாக்கப் போறார்.