தங்கத் தாதுத் தொட்டியில் கரைசல் கீழே இறங்க மறுக்கிறது

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் தொட்டி வடிவமைக்கும் வேலை. மலேசியாவின் பகாங்கில் ஒரு சிறு சுரங்கத்துக்கு, நொறுக்கிய தாதுவில் சயனைடு கரைசலை ஊறவைத்துத் தங்கம் எடுக்கும் தொட்டி இது. விட்டம் 6 மீட்டர், தாது உயரம் 2.5 மீட்டர். அடியில் மரச்சட்டம், தேங்காய்நார்ப் பாய், அதன்மேல் பாலிப்ரொப்பிலீன் வடிதுணி. கரைசலின் பிஎச் (கார அளவு) 10.5, சுண்ணாம்பு போட்டுத்தான்.

முதல் நாள் நன்றாக வடிகிறது. மறுநாள் வெறும் சொட்டு, மேலே குளம். துணியை மாற்றியாச்சு, பலனில்லை. காற்றை வெளியேற்ற அடியிலிருந்து கரைசலை ஏற்றினோம். கொஞ்ச நேரம்தான் தாங்கியது. வெற்றிடப் பம்பு வைத்ததும் இன்னும் மோசம், தாதுவில் உள்ள களிமண் இறுகிவிட்டது. அப்புறம் தோண்டிப் பார்த்தால் துணி சுத்தம், தாதுவின் நடுவில்தான் சேற்றுப் படலம். அதனால் துணியைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

75 மைக்ரானுக்குக் கீழான தூளை ஹைட்ரோசைக்ளோனில் (நீரைச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் கருவி) முன்பே பிரிப்பதா, சிமெண்டு கலந்து உருண்டையாக்குவதா? களிமண் தாதுவில் எது உங்களுக்குக் கைகொடுத்தது?